எங்கே வீடு எழும்பப்போகிறது? கட்டட அனுமதிப் பதிவுகளில் வேலை தேடுவது எப்படி

காரைதீவுச் சந்தியிலிருந்து வடக்கே போனால் மாளிகைக்காடு, அதைத் தாண்டினால் சாய்ந்தமருது. தெற்கே நிந்தவூர். மேற்கே அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளி, அதற்கப்பால் சம்மாந்துறை. காலையில் கரண்டியும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு புறப்படும் ஒரு மேசன் வேலை தேடும் எல்லை ஏறத்தாழ இதுதான். இந்தச் சிறிய எல்லைக்குள் நான்கு உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன: காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறைப் பிரதேச சபைகளும் கல்முனை மாநகர சபையும். சட்டப்படி கட்டப்படும் ஒவ்வொரு வீடும், கடையும், மேல்மாடியும் மண்ணில் எழும்புவதற்கு முன் இந்த நான்கில் ஒன்றின் கோப்பில் எழுத்தாகப் பதிவாகிறது.

அந்த எழுத்து வேலை தேடுபவரின் கண்ணில் படுவதில்லை. மேசன்மாரும் ஓடாவிமாரும் வயரிங், டைல்ஸ், பெயின்ட் வேலை செய்பவர்களும் இன்றும் வாய்வழிச் செய்தியை நம்பியே இருக்கிறார்கள். ஹார்ட்வெயார் கடையில் கேள்விப்படுவது, தெரிந்த பாஸ் ஒருவர் கூப்பிடுவது, பள்ளிவாசலிலோ கோயிலிலோ காதில் விழுவது, இவைதான் வழி. இந்த வழி தெரிந்தவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வந்த இளைஞருக்கும், வெளிநாட்டிலிருந்து திரும்பி தொடர்பு அறுந்துபோனவருக்கும், பக்கத்து ஊரில் உறவினர் இல்லாதவருக்கும் அது அடைத்த கதவு. வேலை எங்கே வருகிறது என்ற தகவல் யாரிடம் இருக்கிறதோ அவர் நடுவில் நின்று தரகு எடுப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஊழலைத் தோண்டும் கருவியாகவே நான் பார்த்தேன். ஒரு நாள் கூலிக்காரர் தன் பிழைப்புக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தோன்றாத விடயம். கட்டட அனுமதிப் பதிவில் என்ன இருக்கிறது, அதை எப்படிக் கேட்டு எடுப்பது, எடுத்ததை எப்படி வாசிப்பது, எதைக் கேட்கக்கூடாது என்பவற்றை ஒழுங்காகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அனுமதி என்ற கடதாசி எங்கிருந்து வருகிறது

இலங்கையில் கட்டட அனுமதிக்கு இரண்டு முக்கிய சட்டங்கள் அடிப்படை. முதலாவது, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று அதன் 5ஆம் பிரிவு சொல்கிறது. கட்டி முடித்த பின் இணக்கச் சான்றிதழ் பெற்றே குடிபுக வேண்டும் என்பது 15ஆம் பிரிவு. இரண்டாவது, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். அந்தச் சபையின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் இச்சட்டத்தின் கீழான அபிவிருத்தி அனுமதி தேவை. வீடு போன்ற சாதாரணக் கட்டடங்களுக்கு அந்த அதிகாரமும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்திடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எந்தச் சட்டமானாலும் வீட்டுக்காரர் போய் நிற்பது பிரதேச சபையின் அல்லது மாநகர சபையின் கருமபீடத்தில்தான்.

அவர் கையளிக்கும் கோப்பில் விண்ணப்பப் படிவம், காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், தகுதி உள்ளவர் வரைந்த கட்டட வரைபடம் ஆகியவை இருக்கும். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்வையிடுவார்கள். திட்டமிடல் குழு கூடிப் பரிந்துரைக்கும். கட்டணம் செலுத்தியதும் அனுமதி வழங்கப்படும். அது பொதுவாக ஒரு வருடத்துக்கானது, பின்னர் நீடிக்கலாம். கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நம் கரையில் இன்னொரு கடதாசியும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரம் பேணல் சட்டம் உயர் நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கடலை ஒட்டிய வீதிகளில் அத்திவாரம் வெட்டத் தாமதமாவதற்கு இந்த இரண்டாவது அனுமதியும் ஒரு காரணமாக இருக்கலாம். சுனாமிக்குப் பின் கடலோரக் கட்டுமானத்தில் எத்தனை கட்டுப்பாடுகள் வந்து போயின என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

உலகம் இதை எப்படிச் செய்கிறது

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எப். டபிள்யூ. டொட்ஜ் என்பவர் பொஸ்டனில் இதைத் தொழிலாக்கினார். எங்கே எந்தக் கட்டடம் வரப்போகிறது என்ற தகவலைத் திரட்டி, கொந்தராத்துக்காரருக்கும் கட்டடப் பொருள் விற்பவருக்கும் காசுக்கு விற்றார். அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளூர்த் திட்டமிடல் அதிகார சபையும் விண்ணப்பங்களின் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில் நடைமுறையிலுள்ள கட்டட அனுமதிகளின் பட்டியலை மாநகர சபையே தன் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகப் போடுகிறது. சிக்காகோ 2006 முதலான அனுமதிகளை இணையத்தில் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவான அடுக்குமாடி, மனைத் திட்டங்களின் விபரங்கள் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. கட்டடக் கலைஞர், பொறியியலாளர், ஒப்பந்ததாரர் யார் என்பதையும் திட்ட உரிமையாளர் வெளிப்படுத்த வேண்டும்.

கட்டட அனுமதி நாளைய வேலையின் இன்றைய தடயம் என்பதைப் பொருளியலாளரும் ஏற்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதாரம் எந்தப் பக்கம் போகிறது என்பதை முன்கூட்டிக் காட்டும் சுட்டெண்ணில் புதிய வீட்டு அனுமதிகளின் எண்ணிக்கையும் ஓர் அங்கம்.

இலங்கையில் அப்படி வாங்கிப் படிக்க ஊர்மட்டப் பட்டியல் இல்லை. ஆனால் பட்டியலைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

கேட்பது எப்படி

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபைகளும் மாநகர சபைகளும் அதன் கீழ் பகிரங்க அதிகார சபைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். முக்கியமான விடயங்கள் இவை:

- இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாக இருந்தால் ஒரு சங்கமும் கேட்கலாம், சங்கம் பதியப்படாததாக இருந்தாலும் சரி. ஊர் மேசன்மார் சங்கம் ஒன்று தன் பெயரில் கேட்பது தனியாள் கேட்பதைவிட நல்லது.
- ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.
- தமிழில் எழுதலாம். அச்சிட்ட படிவம் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் கடிதமும் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை.
- விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்துமூலச் சான்று கேட்டு வாங்குங்கள். நாட்கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.
- தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் தர வேண்டும்.
- மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. "கட்டட அனுமதி பற்றிய எல்லா விபரமும் வேண்டும்" என்று எழுதினால் அலுவலருக்கும் தலையிடி, உங்களுக்கும் பயனில்லை. நான் பரிந்துரைக்கும் வாசகம் இது:

"கடந்த 12 மாதங்களில் தங்கள் சபைக்குக் கிடைத்த கட்டட விண்ணப்பங்களின் பட்டியல் ஒன்றைத் தயவுசெய்து தரவும். ஒவ்வொரு விண்ணப்பம் தொடர்பிலும்: (1) விண்ணப்ப இலக்கம், திகதி, (2) கிராம சேவகர் பிரிவும் வீதியும், (3) கட்டடத்தின் பயன்பாடு – வீடு, கடை, மதில், மேல்மாடி, திருத்தம், (4) தளப் பரப்பு, மாடிகளின் எண்ணிக்கை, (5) அனுமதி வழங்கிய திகதி, (6) இணக்கச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தால் அதன் திகதி, (7) வரைபடம் தயாரித்த தகுதியாளரின் பெயர். உரிமையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை நான் கேட்கவில்லை."

கடைசி வரி மரியாதைக்காக மட்டும் சேர்த்ததல்ல. சட்டத்தின் 5ஆம் பிரிவு தனிப்பட்ட தகவல்களை மறுக்க இடமளிக்கிறது. பெயரை நீங்களே விட்டுவிட்டால் மறுப்பதற்கான பெரிய காரணம் ஒன்று இல்லாமல் போகிறது. வீட்டு வரைபடத்தின் பிரதியையும் கேட்காதீர்கள். ஒருவருடைய படுக்கையறை எங்கே, பின்கதவு எங்கே என்பது உங்களுக்கு வேண்டியதில்லை.

"அப்படி ஒரு பட்டியல் தயாராக இல்லை" என்பது நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய பதில்களில் ஒன்று. அப்படியானால் விண்ணப்பப் பதிவேட்டின் குறித்த பக்கங்களைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். பதிவேடுகளை வகைப்படுத்திச் சுட்டியிட்டுப் பேண வேண்டும் என்பது 7ஆம் பிரிவு. ஆவணத்தின் ஒரு பகுதி தனிப்பட்டதாக இருந்தால் அதை மறைத்து மிகுதியைத் தரச் சட்டத்தில் இடமுண்டு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு மன்றங்களிலும் கேட்டால் ஒரு வருடத்துக்கு 16 கடிதங்கள். ஒருவருக்கு அது சுமை. 20 பேர் சேர்ந்த சங்கத்துக்கு அது ஒன்றுமில்லை.

பட்டியலை வாசிப்பது எப்படி

பட்டியல் கையில் கிடைத்ததும் எல்லா வீட்டுக்கும் ஓடுவதில் பயனில்லை. எந்தத் தொழிலுக்கு எந்தத் திகதி பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

அத்திவாரம் வெட்டுபவர், மேசன், கம்பி கட்டுபவர் ஆகியோருக்கு அண்மையில் அனுமதி கிடைத்த விண்ணப்பங்கள் முக்கியம். இன்னும் அனுமதி கிடைக்காத புதிய விண்ணப்பங்கள் அதைவிட முக்கியம், ஏனென்றால் அந்த வீட்டுக்காரர் இன்னும் ஆளைப் பேசி முடித்திருக்கமாட்டார். கூரை வேலை செய்யும் ஓடாவிக்கும், பூச்சுக்கு முன் குழாய் பதிக்கும் வயரிங், பைப் வேலைக்காரருக்கும் சில மாதங்களுக்கு முந்தைய அனுமதிகள் பொருந்தும். டைல்ஸ், பெயின்ட், அலுமினிய வேலைக்காரர் இந்த மாத அனுமதியைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது, அனுமதி கிடைத்து ஒரு வருடமளவில் ஆகியும் இணக்கச் சான்றிதழ் பெறாத கட்டடங்களை. சான்றிதழ் இல்லை என்றால் வேலை முடியவில்லை என்று நேரடியாக அர்த்தமில்லை. சான்றிதழ் எடுக்காமலே குடிபுகுந்தவர்களும் உண்டு. ஆனாலும் அந்த வீதியால் ஒருமுறை சைக்கிளில் போய்வந்தால் உண்மை தெரிந்துவிடும்.

நம் பகுதிக்கே உரிய சில விடயங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்தில் இன்னொன்று அல்லது மேலே ஒரு மாடி. ஆகவே "மேல்மாடி" அல்லது "விஸ்தரிப்பு" என்று வரும் விண்ணப்பத்துக்குப் பின்னால் பல வேளைகளில் ஒரு கலியாணத் திகதி இருக்கும். திகதி குறித்த வீட்டில் வேலை இழுபடாது, ஆட்களும் கூடுதலாகத் தேவைப்படுவார்கள்.

மாறாக, வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பிக் கட்டும் வீடு கட்டம் கட்டமாகத்தான் எழும்பும். லிண்டல் மட்டத்தில் ஒரு வருடம் நிற்கும். அனுமதி இருக்கிறது என்பதற்காக உடனே காசும் இருக்கிறது என்று எண்ணக்கூடாது. வங்கிக் கடனில் கட்டும் வீடு வேறு மாதிரி. கடன் கொடுக்க வங்கி அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்கும், வேலையின் முன்னேற்றத்தைப் பார்த்துத் தவணையாகப் பணத்தை விடுவிக்கும். அதனால் அப்படியான வீடுகள் பெரும்பாலும் பதிவேட்டில் இருக்கும், வேலையும் ஓரளவு தொடர்ச்சியாக நடக்கும்.

பருவத்தையும் மறக்கக்கூடாது. வடகீழ்ப் பருவமழை நவம்பர் முதல் ஜனவரி வரை அத்திவார வேலையை முடக்கிவிடும். பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புரளும் பெப்ரவரி, மார்ச்சில் வேலை சூடுபிடிக்கும். மழைக்கு முன் அனுமதி பெற்று இன்னும் தொடங்காத வீடுகளை ஜனவரி இறுதியில் தேடிப்போவது புத்திசாலித்தனம்.

பட்டியலில் ஏழாவதாகக் கேட்ட விடயத்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒரு பிரதேசத்தின் வீடுகளில் பெரும்பகுதியை வரைபவர்கள் ஒருசில படவரைஞர்களும் பொறியியலாளர்களுமாகவே இருப்பார்கள். யார் வரைகிறார் என்று தெரிந்தால் 40 வீட்டுக் கதவைத் தட்டுவதற்குப் பதிலாக நான்கு அலுவலகங்களுக்குப் போனால் போதும். வீட்டுக்காரர் "நல்ல மேசன் யாராவது இருக்கிறாரா" என்று முதலில் கேட்பது வரைந்தவரிடம்தான். செய்த வேலைகளின் படங்கள் நான்கைந்து, முன்னர் வேலை கொடுத்த இரண்டு வீட்டாரின் சம்மதத்தோடு அவர்களின் விபரம், இருந்தால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் ஆகியவற்றோடு போங்கள். பயிற்சி வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தில் தொழில் கற்றவர்களும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் நைட்டா நிறுவனத்தின் மதிப்பீட்டுக்குத் தோற்றி அந்தச் சான்றிதழைப் பெறலாம்.

அரச வேலைகளும் உண்டு

வீதி, வடிகான், பாடசாலைக் கட்டடம் போன்றவை வீட்டு அனுமதிப் பட்டியலில் முழுமையாக வராது. அவற்றுக்குக் கேள்வி அறிவித்தல்களைப் பார்க்க வேண்டும். பெரிய வேலைகளுக்கு நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் தரம் பெற்ற ஒப்பந்தக்காரரே விலைமனு கொடுக்கலாம், ஆனால் அவருக்கும் உள்ளூர் ஆட்கள் தேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இங்கே உதவும். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட, வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டங்களைப் பற்றி, அவை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டியது பொறுப்பான அமைச்சரின் கடமை. அறிவிக்காவிட்டால் கேளுங்கள்.

எல்லை எங்கே

யார் வீட்டில் காசு இருக்கிறது என்பதைக் காட்டும் பட்டியல் தவறான கைக்கும் போகலாம். கணவன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, பிள்ளைகளோடு தனியே நின்று வீடு கட்டுவிக்கும் பெண்கள் இந்தக் கரையில் ஏராளம். அவர்களுடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒரு வட்ஸ்அப் குழுவில் சுற்றுவதை நாம் யாரும் விரும்பமாட்டோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் இந்தப் பாதுகாப்புத்தான். வீதியின் பெயரும் கட்டடத்தின் அளவும் போதும். கதவைத் தட்டுவதானால் பகலில், இருவராக, ஒருமுறை மட்டும் போங்கள். வேண்டாம் என்றால் இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அலுவலகத்தில் தெரிந்தவர் மூலம் இரகசியமாக விபரம் எடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது மறுபடியும் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் பழைய கதவுதான்.

சபைகள் செய்யக்கூடியது

இத்தனை கடிதப் போக்குவரத்தும் தேவையில்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், முந்தைய மாதம் கிடைத்த விண்ணப்பங்களையும் வழங்கிய அனுமதிகளையும் பெயர்கள் இல்லாமல் ஒரு தாளில் எழுதிச் சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். அதற்குத் திறந்த தரவுத் தளமோ மென்பொருளோ வேண்டாம், ஒரு ஏ4 தாளும் ஒரு எழுதுவினைஞரின் அரை மணி நேரமும் போதும். அதனால் சபைக்கும் இலாபம் உண்டு. அனுமதியோடு கட்டுபவர் யார், அனுமதியில்லாமல் கட்டுபவர் யார் என்று ஊரே பார்க்கும்போது அனுமதி எடுப்பவர்கள் கூடுவார்கள், கட்டண வருமானமும் கூடும்.

2023 மார்ச் முதல் இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளூராட்சி மன்றங்கள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் செயலாளர்கள், ஆணையாளர்களின் கீழ் இயங்கின. 2025 மே 6 தேர்தலுக்குப் பின் பெரும்பாலான சபைகளில் உறுப்பினர்கள் மீண்டும் அமர்ந்திருக்கிறார்கள். மாதப் பட்டியலை ஒட்டுவதற்கு ஒரு பிரேரணை கொண்டுவரும்படி உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். அது நிறைவேறும்வரை மேலே தந்த வாசகத்தை ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, தகவல் அலுவலரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.